மலைக்காட்டிற்குள் பீரங்கி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கேமரன் மலையின் வடபுறத்தே, திரிங்காப்பிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் கோலா தெர்லா என்னும் சிற்றூர் உள்ளது. ‘கோலா’ என்னும் மலாய்ச் சொல் ஓர் ஆறு மற்றோர் ஆற்றிலோ கடலிலோ புகும் வாயைக் குறிக்கும். தெர்லா ஆற்றின் வாய் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். மேற்கே முகட்டைக் கடந்தால் பேராக், வடக்கே கிளந்தான், கிழக்கே தெலோம் ஆறு இறங்கிச் செல்லும் பெருங்காடு. சமவெளியிலுள்ள தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவிற்கு ஏறும் மலைச்சாலை 1931-இல் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்த ஒரு சாலையே இம்மலைக்கும் வெளியுலகிற்கும் இடையே வண்டி செல்லும் வழியாக இருந்தது.

போர்க்கருவிகளைப் பற்றிய கட்டுரை சாலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பீரங்கியைப் பார்ப்போர் அதன் வாயைப் பார்க்கின்றனர். சக்கரத்தைப் பார்ப்போர் சிலரே. சாலை உள்ள இடத்தில்தான் பீரங்கி உண்டு. பீரங்கிக்குப் பின்னால் குண்டு ஏற்றிய லாரி வராவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த நெருக்கடிகாலப் போர், சாலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நடந்த போராகும். இருபதாம் நூற்றாண்டின் பேராற்றல் வாய்ந்த கருவிகள் அந்த எல்லைக்கோட்டில் வந்து நின்றபோது என்ன செய்தன, எதைச் செய்ய இயலவில்லை, அவற்றுக்குப் பதிலாக வேறு எவை கருவிகளாயின என்பது தோட்டத் தமிழர் வாழ்வோடும் நெருங்கிய தொடர்புடைய வரலாறு.

முதலில் சொற்களைப் பற்றிச் சில. பீரங்கி என்பது மேலைநாட்டாரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. பறங்கி என்பதும் அதன் உடன்பிறப்பே. கருவியைக் கொண்டுவந்தவன் பெயரே கருவிக்கும் ஆயிற்று. துப்பாக்கி துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இதே ஒலியமைப்பு வருவதைக் காட்டி மாணவரை மகிழ்விக்கும் ஆசிரியர் பலர். ஆங்கு அது உணவை உண்டாக்கி என்னும் பொருளது. சுடுகருவிக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை. தொலைவிலிருந்து எறியும் பொறிகளைத் தமிழர் அறியாதவர் அல்லர். மதுரை மதில்மேல் அமைந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை வரிசையாகக் கூறுகிறது. அப்பொறிகள் மதிலைக் காத்தன. மதிலைத் தேடி வருபவனையே தாக்கின. இருபதாம் நூற்றாண்டுப் பீரங்கியோ பல மைல் தொலைவில் நின்று, தான் காணாத ஊரைத் தாக்குவது.

வெடிமருந்தால் குண்டெறியும் குழாய் பழைய கருவிதான். அதற்குப் பின்னால் ஆலை வந்து நின்றதுதான் புதுமை. 1897-இல் பிரெஞ்சுப் படை ஏற்ற 75 மில்லிமீட்டர் பீரங்கி இம்மாற்றத்தின் தொடக்கம் எனலாம். அதற்குமுன் ஒவ்வொரு முறை சுடும்போதும் பீரங்கி முழுதும் பின்னோக்கித் துள்ளும். வீரர்கள் அதைத் தள்ளிக் கொண்டுவந்து மீண்டும் குறி பார்க்க வேண்டும். புதிய பீரங்கியில் குழாய் மட்டும் எண்ணெயும் காற்றும் அடைத்த உருளையின் துணையால் பின்னே வழுக்கித் தானே முன்வந்து நிற்கும். வண்டி அசையாது. ஆதலின் நிமிடத்திற்குப் பதினைந்து குண்டு வரை சுட முடிந்தது. வேகம் கூடியதும் குண்டின் தேவையும் கூடியது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது எந்த வல்லரசும் அத்தேவைக்குப் போதிய குண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. 1915-இல் பிரிட்டனில் குண்டுப் பஞ்சம் அமைச்சரவையையே மாற்றியது. படைக்கலங்களுக்கெனத் தனி அமைச்சகம் பிறந்தது. அடுத்த ஆண்டு சோம் ஆற்றுப் போருக்கு முன் ஒரு வாரக் காலத்தில் பிரிட்டிஷார் 15 இலட்சத்திற்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டனர். அவற்றுள் கணிசமானவை வெடிக்கவே இல்லை. அவசரமாய்ச் செய்தவை அல்லவா! எதிரியின் முள்வேலி பல இடங்களில் அறுபடாமல் நிற்க, 1916 ஜூலை முதல் நாள் பிரிட்டிஷ் காலாட்படை கொடிய இழப்பை அடைந்தது.

ஆலை என்றதும் மேலைநாட்டுப் புகைபோக்கிகளே கண்முன் வரும். தமிழ்நாட்டு நீலகிரியில், குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் மலைரயில் பாதையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அருவங்காடு என்னும் ஊர் உண்டு. 1904-இல் அங்கே கார்டைட் ஆலை நிறுவப்பட்டது. கார்டைட் என்பது குண்டை வெளியே தள்ளும் புகையற்ற வெடிமருந்து. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்துப் பெறும் வெடிபஞ்சையும், கிளிசரினிலிருந்து பெறும் நைட்ரோகிளிசரினையும் பிசைந்து, கயிறுபோல இழுத்து உலர்த்தினால் கார்டைட் ஆகும். துணிக்குரிய பஞ்சும் சவர்க்காரத் தொழிலின் துணைப்பொருளான கிளிசரினும் இவ்வாறு பீரங்கிக்கு உணவாயின.

மலாயாவின் பங்கு இதனினும் பெரிது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கி குதிரை இழுத்த மரச்சக்கரத்தை விட்டு ரப்பர்ச் சக்கரத்திற்கு மாறியிருந்தது. அதை இழுக்கும் வண்டி, குண்டு சுமக்கும் லாரி, வானூர்தி எல்லாம் ரப்பர்மேல் ஓடின. உலகின் இயற்கை ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு அந்நாளில் மலாயாவிலிருந்து சென்றது. அதைச் சீவிப் பாலெடுத்தவருள் மிகப் பலர் தமிழ்ப் பாட்டாளிகள். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமோ பற்றாசு வைக்கவும், எந்திரத் தாங்கிகளுக்கும், படைவீரன் உண்ணும் உணவு டின்னிற்கும் வேண்டியிருந்தது. போர் இங்கு வருவதற்கு முன்பே இந்நாட்டின் மரமும் மண்ணும் போரிற் சேர்ந்துவிட்டன.

இனி, பீரங்கி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். அதில்தான் காட்டின் வெற்றி அடங்கியுள்ளது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து, விளக்கொளியைப் பாய்ச்சி, எண்ணெய்க் கிடங்குகளைக் கண்ணாற் கண்டு சுட்டது. அடுத்த மாதம் 28-ஆம் நாள் விடியற்காலையில் பினாங்குத் துறைக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்து, வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் தாக்கி அழித்தது. எம்டன் என்னும் பெயர் அன்று முதல் தமிழில் பொல்லாத சூழ்ச்சிக்காரனுக்கு வழங்கலாயிற்று. எம்டன் செய்தது நேர்முகச் சூடு, கண்டதைச் சுடுதல். நிலத்தில் நடந்த பெரும் போர்களில் ஓங்கியது மறைமுகச் சூடு. பீரங்கி மலைக்குப் பின்னே ஒளிந்திருக்கும். பல மைல் முன்னே, பகைவனைக் காணக்கூடிய மேட்டில், ஒரு பார்வையாளர் தொலைநோக்கியும் தொலைபேசியும், பிற்காலத்தில் வானொலிக் கருவியும், கொண்டு அமர்ந்திருப்பார். “இருநூறு கஜம் கூட்டு, நூறு கஜம் வலம்” என்பதுபோல் அவர் சொல்லச் சொல்லப் பீரங்கியாளர் குழாயின் சாய்வையும் மருந்தின் அளவையும் திருத்துவர். நிலப்படம், பார்வையாளர், செய்தி செல்லும் கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பீரங்கி. மூன்றில் ஒன்று கெட்டாலும் அது குருடு.

சுடுபவன் தான் கொல்பவரைக் காண்பதில்லை என்பதும் இம்முறையின் விளைவு. 2009-இல் இலங்கையின் வன்னியில் நேர்ந்ததைத் தமிழர் எவரும் மறவார். ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் இறப்பில் பெரும்பாலானவை அரசுப் படையின் குண்டுவீச்சால் நேர்ந்தவை என்றது. புலிகள் மக்களுக்கருகே நின்று பீரங்கி சுட்டதையும் அது குறித்தது.

மலாயாவில் பிரிட்டிஷ் படையின் முதன்மைப் பீரங்கி 25 இராத்தல் பீரங்கி. குண்டின் எடையே அதற்குப் பெயர். 13,400 கஜம், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர், அது எட்டும். மருந்துப் பையின் அளவைக் குறைத்தும் கூட்டியும் தாழ்வாகவும் உயரமாகவும் எறியலாம். வட்டமான இரும்புத் தட்டின்மேல் ஏற்றிவிட்டால் ஓராளே அதை எத்திசைக்கும் திருப்பலாம். தானா ராத்தாவில் அதை நிறுத்தினால் இடையிலுள்ள முகடுகளைத் தாண்டிக் கோலா தெர்லாவில் குண்டு விழச் செய்ய முடியும் என்று கூறினால் அதன் எட்டுகை விளங்கும். வளைந்து வளைந்து செல்லும் சாலையில் அதே தொலைவு மிகக் கூடுதல்.

இப்பீரங்கியின் வலிமையைக் காட்டிய இடம் கேமரன் மலைக்கு அருகிலேயே உள்ளது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் சயாம் கரையிலும் இறங்கியது. ஜித்ராவில் நிலைகுலைந்து பின்வாங்கிய 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு, டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் எதிர்த்து நின்றது. ஊரின் கிழக்கே 4,000 அடி உயர்ந்த புஜாங் மலாக்கா மலை. அதன் அடிவாரத்தில் ஒன்றையொன்று தொடுத்த மேடுகள். மேற்கே ஈயச் சுரங்கம் வெட்டி மரம் நீங்கிய வெட்டவெளி. பார்வையாளர் மேட்டில் இருந்தார். பகைவன் வெளியில் வந்தான். மறைமுகச் சூட்டிற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் மலாயாவில் அரிது. ஜப்பானியர் பேரிழப்புற்றனர். ஜனவரி 2-ஆம் நாள் பஞ்சாப் படையின் சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து ஒரு மேட்டை மீட்டதும் இப்போரில்தான். எனினும் கம்பார் தோற்றுக் கைவிடப்படவில்லை. ஜப்பானியர் சிறு படகுகளில் கடலோரமாக வந்து தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கிவிட்டமையால் பின்வழி அறுபடும் என்றஞ்சிக் கைவிடப்பட்டது. பீரங்கி காத்த இடத்தைப் படகு வென்றது.

ஐந்து நாள் கழித்துச் சிலிம் ரிவரில் நேர்ந்தது இதன் மறுபக்கம். ஜனவரி 7 விடியுமுன், நிலவொளியில், ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே அணிவகுத்துப் பாய்ந்தன. பிரிட்டிஷாரிடம் மலாயாவில் டாங்கி ஒன்றுகூட இல்லை. இருமருங்கும் காடும் ரப்பர்த் தோட்டமும் மறைக்க, பீரங்கியாளருக்கு எதுவும் தெரியவில்லை. தொலைபேசிக் கம்பிகளை டாங்கிகள் முன்னமே அறுத்துவிட்டன. செய்தி சேருமுன் டாங்கி சேர்ந்தது. பதினைந்து மைலுக்கு மேல் உள்ளே வந்துவிட்ட முதல் டாங்கியை, ஒரு 4.5 அங்குலப் பீரங்கி கைக்கெட்டும் தொலைவில் நேருக்குநேர் சுட்டு நிறுத்தியது. அதற்குள் படைப்பிரிவு சிதைந்துவிட்டது. நான்காம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது.

சிங்கப்பூரின் பெரும் பீரங்கிகள் கடலை நோக்கியே அமைந்திருந்தன, திரும்ப மாட்டா என்று பள்ளிப் பாடம் வரை ஒரு கதை பரவியுள்ளது. அது பிழை. 15 அங்குலப் பீரங்கிகளுள் சில நிலப்பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. குறை குண்டிலேதான். கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென்றே செய்த குண்டுகள் அவற்றிடம் இருந்தன. அவை மண்ணில் ஆழப் புதைந்து வெடித்தன. காலாட்படையைச் சிதறடிக்கும் குண்டுகள் அவற்றுக்கு இல்லை.

இத்தோல்விக்குப்பின் ஜப்பானியர் தம் படைக்கும் குண்டுக்கும் வழி தேடி 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இருப்புப்பாதையை 1942–43-இல் போட்டனர். பர்மா முனையின் பீரங்கிக்குத் தீனி கொண்டுசெல்ல மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் பிடித்துச் செல்லப்பட்டு, காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டதைத் தோட்டக் குடும்பங்கள் இன்றும் சொல்லும். பின்வாங்கிய படை சாலையோரத்திலும் காட்டிலும் விட்டுச்சென்ற துப்பாக்கிகளைச் சேர்த்தெடுத்தவர் வேறு சிலர். ஜப்பானியரை எதிர்த்துக் காடேறிய கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு அவை முதற்கருவி; பிறகு பிரிட்டிஷாரே வானூர்தியிலிருந்து மேலும் போட்டனர். போர் முடிந்ததும் அவை எல்லாம் திரும்ப வரவில்லை.

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்தோரிடம் பீரங்கியும் டாங்கியும் வானூர்தியும் இல்லை. லீ என்ஃபீல்டு துப்பாக்கி, ஸ்டென், பிரென் ஆகியவையே இருந்தன. எதிர்ப்பக்கத்திலோ உலகப் போரை வென்ற படைக்கலங்கள் யாவும் இருந்தன. 25 இராத்தல் பீரங்கிகள் வந்தன. 1955 முதல் ஆஸ்திரேலியப் பீரங்கிப் படையும் வந்தது. கரையோரத்தில் போர்க்கப்பல்கள் காட்டை நோக்கிச் சுட்டன. ஆஸ்திரேலிய வான்படையின் லிங்கன் குண்டுவீச்சு வானூர்தி ஒன்று ஆயிரம் இராத்தல் குண்டுகள் பதினான்கைச் சுமக்க வல்லது. அத்தகைய வானூர்திகள் 1950 முதல் எட்டாண்டுக் காலம் மலாயாக் காட்டின்மேல் குண்டு போட்டன. 1954-இல் ஈப்போவிற்குக் கிழக்கே, அதாவது கேமரன் மலையின் மேற்குச் சரிவை அடுத்த காடுகளில், குண்டுவீச்சும் வான்குடை வீரரும் சேர்ந்த பெரிய தாக்குதல் ஒன்று நடந்தது. ‘டெர்மைட்’, அதாவது கறையான், என்பது அதன் குறிப்புப் பெயர். காட்டில் கறையானைத் தேடுவது எத்தகையது என்பதைப் பெயர் வைத்தவர் அறிந்தே வைத்தார் போலும்! விழுந்த குண்டின் அளவுக்குக் கிடைத்த பயன் மிகச் சிறிது.

இதற்குக் காரணம் வீரர் குறையன்று. அந்நாளில் மலாயாவில் ஐந்தில் நான்கு பங்கு காடு. தாழ்நிலத்தில் நூற்றைம்பது அடிக்கு மேல் உயர்ந்த மரங்கள் கூரை வேய்ந்திருக்கும். மலைமேல் மரம் குட்டையாகிப் பாசி போர்த்து இன்னும் நெருங்கும். குண்டு கிளையில் பட்டு மேலேயே வெடித்துவிடும். சில்லுகளை இலையும் தண்டும் வாங்கிக்கொள்ளும். பார்வையாளர் மேட்டில் ஏறினாலும் காண்பது பச்சைக் கூரையே. காட்டிற்குள் சென்ற காவற்படைக்குத் தான் நிற்கும் இடமே உறுதியாகத் தெரியாது. அன்றைய நிலப்படங்களில் பல பகுதிகள் வெறுமையாக இருந்தன. குண்டு விழும் ஓசையைக் கேட்டே திருத்தம் சொல்ல வேண்டும். மலைகளோ ஓசையை எதிரொலித்து ஏமாற்றும். தன் படையே அருகில் இருக்கக்கூடுமாதலின் சுடுமுன் பலரைக் கேட்டாக வேண்டும். அதற்குள் ஐந்தாறு பேர் கொண்ட கொரில்லாக் குழு முகாமை விட்டு அடுத்த ஓடையைக் கடந்திருக்கும். கம்பாரில் பீரங்கிக்கு வாய்த்த மூன்றும் இங்கே ஒருங்கே இல்லை. மேலும், தொழில்வளப் போரின் கருவி தொழில்வளமுள்ள இலக்கையே நாடுகிறது: ரயில் நிலையம், பாலம், ஆலை, அணிவகுத்த படை. மரப்பட்டைக் குடிசை பத்தும், மரவள்ளித் தோட்டம் ஒன்றும் எரிந்தால் எதிரி இழப்பது மிகச் சொற்பம்.

பீரங்கி பயனற்றுப் போயிற்று என்று சொல்லிவிடுதலும் முறையன்று. இரவெல்லாம் நேரம் மாற்றி மாற்றி ஒரு பள்ளத்தாக்கில் குண்டு போட்டால் அங்குள்ளோர் உறங்க இயலாது, சமைக்க இயலாது. வேறு பள்ளத்தாக்கிற்கு நகர்வர். நகரும் தடத்தில் காலாட்படை பதுங்கியிருக்கும். வேட்டையில் பறையடித்து விலங்கை வலைப்பக்கம் விரட்டும் பழைய முறைதான் இது. கொல்லும் கருவி விரட்டும் கருவியாயிற்று. ஆனால் பறையோசை கொரில்லாவை மட்டும் விரட்டவில்லை. தெலோம், தெலானோக் காடுகளிலும் கிளந்தான் எல்லையிலும் வாழ்ந்த செமாய், தெமியார் பூர்வகுடிகளுக்கு அதுவே வீடு. தொடக்கத்தில் அவர்களைக் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைத்தனர். வெயிலும் நோயும் மனமுறிவும் பலரை மாய்த்தன. பிழையை உணர்ந்தபின், 1953 அளவிலிருந்து, காட்டிற்குள்ளேயே சிறு கோட்டைகள் அமைத்து மருந்தும் உப்பும் கொடுத்து அவர்களை வயப்படுத்த முயன்றனர். தெலானோக் கோட்டை, புரூக் கோட்டை என்பன கேமரன் மலையை அடுத்தவை. சாலை இல்லாத அவ்விடங்களுக்கு ஹெலிகாப்டரும் சிறு வானூர்தியுமே சென்றன. பீரங்கியால் நுழைய முடியாத காட்டில் நுழைந்தது மருத்துவரின் பெட்டி.

போரைத் திருப்பிய கருவிகள் வேறு. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரத்தில் பயிரிட்டுவந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களிற் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரும் அவ்வாறே. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் கூட்டப்பட்டு வேலி கட்டப்பட்டன. அடையாள அட்டை வந்தது. ஊரடங்கு வந்தது. அரிசிக்கு அளவு வந்தது. சில இடங்களில் பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கியே கொடுத்தனர். ஆக்கிய சோறு காட்டிற்குப் போய்ச் சேருமுன் புளித்துவிடும் என்பது கணக்கு. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற ஆணையும் இருந்தது. காலையில் வேலைக்குப் போகும் பெண்ணின் சோற்றுப் பாத்திரம் வாயிலில் திறந்து பார்க்கப்பட்டது. ஆயிரம் இராத்தல் குண்டு செய்யாததை அந்த வாயிற்சோதனை செய்தது: காட்டிலிருந்தோர் பசித்தனர். அவர்கள் வெட்டித் திருத்திய பயிர்நிலங்களின்மேல் வானிலிருந்து நச்சு மருந்தும் தெளிக்கப்பட்டது. சாலையோரச் செடிகளை அழிக்கவும் அதையே பயன்படுத்தினர். பின்னாளில் வியட்நாமில் அமெரிக்கர் பேரளவில் கையாண்ட முறைக்கு மலாயா முன்மாதிரி என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

இவ்வளவு செலவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. அங்கே முழு அளவில் பீரங்கிப் போர். உலகம் ரப்பரையும் ஈயத்தையும் சேர்த்து வைக்கத் தொடங்கியது. 1949-இல் இராத்தல் நாற்பது காசு அளவில் நின்ற ரப்பர் 1951 தொடக்கத்தில் இரண்டு வெள்ளிக்கு மேல் ஏறியது. ஏற்றுமதி வரியால் அரசின் கருவூலம் நிறைந்தது. அதுவே புதுக்கிராமத்திற்கும் வேலிக்கும் காவலுக்கும் கைகொடுத்தது. கொரியாவின் குன்றுகளில் வெடித்த பீரங்கி, மலாயாவின் முள்வேலிக்குப் பணம் தந்தது என்றால் மிகையன்று. பால்மரத் தொழிலாளியின் கூலியும் ஏறியது உண்மை. விலை ஏறிய அளவுக்கு ஏறவில்லை என்பதும் உண்மை.

பேராயுதங்களின் கதையில் மிகச் சிறிய ஆயுதத்திற்கும் ஓரிடம் உண்டு. தமிழர் அதை எளிதில் மறவார். நெருக்கடிகால ஒழுங்குவிதியின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காக வேண்டியும் பயன் இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டப் பாட்டாளிகளின் கூலிப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஒரு தலைமுறையே இவ்வாறு மறைந்தது.

அதே விதியின்கீழ் ஜொகூரில் பிடிபட்ட சம்பசிவம் என்னும் தமிழரின் வழக்கு வேறு வகையாக முடிந்தது. துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றம், பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொரு குற்றம். தோட்டாக் குற்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டார்; துப்பாக்கிக் குற்றத்தை மறுமுறை விசாரித்து மரண தண்டனை விதித்தனர். லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் அத்தண்டனையை நீக்கியது. துப்பாக்கியும் தோட்டாவும் என்னிடம் இருந்தன என்று அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் சான்றாகக் காட்டப்பட்டது. தோட்டா அவரிடம் இல்லை என்று முடிவான பிறகு அவ்வாக்குமூலத்தின் ஒரு பாதியை மட்டும் நம்பு என்று கேட்பது எப்படி? ஒருமுறை விடுதலையான குற்றத்தை அரசு மீண்டும் கிளறலாகாது என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. பொதுநலவாய நாடுகளின் நீதிமன்றங்களில் சம்பசிவம் பெயர் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. காட்டில் எத்தனையோ ஆயிரம் டன் குண்டு கணக்கின்றி விழுந்துகொண்டிருந்த காலத்தில், பத்துத் தோட்டாவை எண்ணிப் பார்த்து ஓருயிரைக் காத்தனர்.

நெருக்கடி நிலை 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது. கொரில்லாக்கள் 6,700 பேர் அளவிலும், காவலரும் படைவீரரும் 1,800 பேருக்கு மேலும், பொதுமக்கள் 2,400 பேருக்கு மேலும் மாண்டிருந்தனர். கொரில்லாக்களுள் பெரும்பாலோர் சிறு காவற்படைகளின் பதுங்கு தாக்குதலிலும் எதிர்ப்பாட்டிலும், சில கஜத் தொலைவில், துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தவர்கள். எஞ்சியோர் சயாம் எல்லைக்கு நகர்ந்தனர். 1968-இல் போர் மீண்டும் தலைதூக்கியது. அப்போது அவர்களுடைய முதன்மைக் கருவி மண்ணிற் புதைத்த கண்ணிவெடி. நில எல்லையில் காலிழந்த மலேசிய வீரர் பலர். 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தானபின் அவர்கள் தம் கருவிகளைத் தாமே அழித்தனர்.

2022-இல் தொடங்கிய உக்ரைன் போர், பீரங்கியின் காலம் போயிற்று என்று எழுதியோரைத் திகைக்க வைத்தது. 155 மில்லிமீட்டர் குண்டுகளுக்கு ஐரோப்பா முழுதும் ஆலைகளைத் தேடினர். 1915-இன் குண்டுப் பஞ்சமே திரும்ப வந்ததுபோல் இருந்தது. புதிதாக வந்தது டிரோன். மேட்டிலிருந்த பார்வையாளர் இப்போது ஆளில்லாமல் வானில் மிதக்கிறார். சில வேளை அவரே குண்டாகவும் விழுகிறார். ஆயினும் அது காண்பதும் மரமில்லா வயல்வெளியைத்தான். இலை உதிராத மழைக்காட்டின் கூரைக்குக் கீழே அதன் கண் எவ்வளவு செல்லும் என்பது வேறு கேள்வி. வெப்பத்தைக் காணும் கருவிக்கும் அடர்ந்த இலை தடைதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஈப்போவிற்கருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவிற்குப் புதிய மலைச்சாலை ஒன்று அகலமாகத் திறக்கப்பட்டது. டெர்மைட் தாக்குதல் நடந்த காட்டுச் சரிவுகளின் அருகாகவே அது ஏறி வந்து, கிளந்தான் குவா மூசாங் வரை செல்கிறது. 1954-இல் பீரங்கிக்கு இல்லாத வழி இப்போது உண்டு. அதில் கோலா தெர்லாவின் முட்டைக்கோசும் தக்காளியும் லாரி லாரியாக இறங்கிச் செல்கின்றன.